எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்பி: இத்தனை வருஷ யூஸுக்கு அப்புறம் என் கருத்து

கடலூர்லேர்ந்து பழைய கிளாஸ்மேட் ஒருத்தர் கேட்டாரு, கத்தீட்டர் (உடம்புக்குள்ள விடற குழாய்) கோட்டிங் மேல ரத்தத்துல இருக்கற புரோட்டீன் எந்த இடத்துல போய் ஒட்டுதுன்னு பாக்கணுமாம், எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்புக்காக சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்கள சுத்த விட்டு பலமான எக்ஸ்ரே எடுக்கற பெரிய மெஷின்) பீம்டைமுக்கு, அதாவது அத யூஸ் பண்ற நேரத்துக்கு, அப்ளை பண்ணலாமா இல்ல இங்கயே எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்ரே பட்டு வெளிய வர்ற எலக்ட்ரான்கள வச்சு மேற்பரப்புல என்ன தனிமம் இருக்குன்னு பாக்கற டெஸ்ட்) எடுத்து முடிச்சிடலாமான்னு. போன்ல பேசி தீர்ற விஷயம் இல்ல, அதான் எழுதறேன்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். சாயம் ஏத்த வேணாம், ஃப்ளோரசன்ட் டேக் வேணாம், ஒவ்வொரு கெமிக்கல் பிணைப்பும் தனக்குன்னு ஒரு எனர்ஜில எக்ஸ்ரேவ உறிஞ்சறத வச்சே எது எதுன்னு சொல்லிடலாம். பாலிஸ்டைரீனோட பென்சீன் வளையம் 285 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் தெரியும், புரோட்டீனோட அமைடு 288.2ல, பிஎம்எம்ஏங்கற அக்ரிலிக் பிளாஸ்டிக்கோட எஸ்டர் 288.4 பக்கம். எனர்ஜிய கொஞ்சம் கொஞ்சமா நகத்தி வரிசையா படம் எடுத்தா ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு ஸ்பெக்ட்ரம் (எந்த எனர்ஜில எவ்ளோ உறிஞ்சுதுங்கற கிராஃப்) கையில இருக்கும். பாலிஸ்டைரீன்-பிஎம்எம்ஏ கலவை ஃபிலிம் மேல அல்புமின்ங்கற ரத்தப் புரோட்டீன் எங்க ஒட்டுதுன்னு கனடா மெக்மாஸ்டர்ல ஆடம் ஹிட்ச்காக் குரூப் நிறைய வேலை பண்ணிருக்காங்க, ரெண்டு பாலிமரும் சேர்ற அந்த எல்லைக்கோட்டுலதான் புரோட்டீன் மொதல்ல போய் உக்காருது. அத பேப்பர்ல படிக்கறது வேற, நம்ம கையால ஸ்பின் கோட் பண்ண (பாலிமர் கரைசல வேகமா சுத்தி மெல்லிசா படர விட்ட) ஃபிலிம்ல அந்த வளைஞ்சு வளைஞ்சு போற கோடு ஸ்கிரீன்ல வரும்போது பாக்கறது வேற. அதுவும் ஐப்பசி கார்த்திகைல பாண்டில ஸ்பின் கோட்டிங் பண்றவங்களுக்கு தெரியும், ஈரக்காத்துல ஃபிலிம் வெளுத்துப் போயிடும், அத தாண்டி ஒரு நல்ல ஃபிலிம் வந்து அதுல இப்படி ஒரு மேப் கிடைச்சா அன்னிக்கு சாப்பாடே வேணாம்.

இப்ப என்னை வருஷக்கணக்கா படுத்தற விஷயம். பீம் டேமேஜ். எந்த எக்ஸ்ரேவால பாக்கறோமோ அதே எக்ஸ்ரே சாம்பிள மாத்திடுது. வெயில்ல மறந்து விட்ட கலர் துணி மாதிரி பிஎம்எம்ஏ வெளுக்கும், 288.4 பீக் இறங்கிட்டே வரும், அதோட நிக்காம 285 பக்கம் புதுசா ஒரு பீக் முளைக்கும், ஏன்னா எஸ்டர் உடைஞ்சு போயி கார்பன் டபுள் பாண்ட் உண்டாகுது. அந்த இடம் பாலிஸ்டைரீனோட இடம்! அப்ப மேப்ல பாலிஸ்டைரீன் இல்லாத எடத்துல பாலிஸ்டைரீன் இருக்கற மாதிரி காட்டும். புரோட்டீனுக்கும் பிஎம்எம்ஏவுக்கும் நடுவுல இருக்கறதே 0.2 எலக்ட்ரான் வோல்ட், அந்த இடைவெளிலதான் மொத்த பதிலும் இருக்கு, அதுல ஒரு பக்கம் கரைஞ்சிட்டே போனா எத நம்பறது? போன தடவ ராத்திரி முழுக்க முழிச்சிருந்து எடுத்த ஸ்டாக்ல, அதாவது அந்த வரிசைப் படங்கள்ல, பாதிக்கு மேல இப்படி போச்சு, இன்னும் அந்த எரிச்சல் அடங்கல.

நியாயமா சொல்லணும்னா இதே கெமிக்கல் விவரத்த எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல எடுத்தா சாம்பிள் இன்னும் மோசமா அடி வாங்கும். எஸ்டிஎக்ஸ்எம்ல, அதாவது நான் சொல்ற இந்த எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்புல, ரெண்டு சிலிகான் நைட்ரைடு ஜன்னலுக்கு நடுவுல தண்ணியோடயே வச்சு பாக்கலாம், எக்ஸ்பிஎஸ்ல சாதாரணமா நடக்காது. எக்ஸ்பிஎஸ் நைட்ரஜன் பீக் புரோட்டீன் இருக்கு இல்லைன்னு சொல்லும், நுண்ணிய அளவுல எங்க இருக்குன்னு சொல்லாது. உங்க கோட்டிங் பாலியூரித்தேன்னா அதுலயே நைட்ரஜன் இருக்கு, அந்த வழியும் குழம்பிடும். எக்ஸ்ரே மைக்ராஸ்கோப்புல யூரித்தேன் 289.9 பக்கம் வரும், புரோட்டீன்லேர்ந்து நல்லா தள்ளியே நிக்கும். பென்சீன் வளையம் உள்ள பாலிமர் பிஎம்எம்ஏவ விட நல்லா தாங்கவும் செய்யும்.

இவ்ளோ சொன்னாலும் என் பதில், இந்த வருஷம் அப்ளை பண்ணாதீங்க. மொதல்ல எக்ஸ்பிஎஸ் எடுங்க, புரோட்டீன் ஒட்டுதா இல்லையான்னே உறுதி ஆகாம அங்க போயி நிக்காதீங்க. கேக்காம போவீங்கன்னா ஃபோகஸ பக்கத்து எடத்துல பண்ணிட்டு அப்புறம் சாம்பிள நகத்துங்க, மேப்புக்கு தேவையான எனர்ஜி மட்டும் எடுங்க, புரோட்டீன் போடாத அதே ஃபிலிம் ஒண்ணு கட்டாயம் எடுத்துட்டு போங்க, அத வேணும்னே பீம்ல காய விட்டு டேமேஜ் ஸ்பெக்ட்ரம் மொதல் ஷிஃப்ட்லயே எடுத்து வச்சிடுங்க.