இரவு நனையும் மெத்தையும் டிரை ஷீட்டும்: 14 மாத அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. மகள் படுப்பது முற்றத்தை ஒட்டிய அறையில். கழிப்பறையோ அடுப்படியையும் தாண்டிப் பின்கட்டில். இரண்டே முக்கால் வயதுக் குழந்தை நள்ளிரவில் அந்த இருட்டில் அவ்வளவு தூரம் அடக்கிக்கொண்டு நடக்காது என்பது, சென்ற ஆண்டு சித்திரையில் டயப்பரை நிறுத்தியபோதே உறைத்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் உறைத்தது. அதற்குள் மாமனார் காலத்து இலவம்பஞ்சு மெத்தை ஒன்று பாழாகிவிட்டது. இலவம்பஞ்சைத் துவைக்க முடியாது. ஈரம் இறங்கினால் கட்டி கட்டியாகிவிடும், நாற்றமும் போகாது.

முதலில் பரணிலிருந்து பிரசவ காலத்து ரப்பர் ஷீட்டை இறக்கினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் கத்திரி வெயிலில் அதன்மேல் படுத்தவளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மேலே விரித்த துணி வழுக்கிச் சுருண்டுவிட, சிறுநீர் ரப்பரில் ஓடித் தலையணையைத் தொட்டது. ஒரே வாரத்தில் மறுபடியும் பரணுக்குப் போனது.

பிறகு வாங்கியதுதான் டிரை ஷீட். மேல்பக்கம் மெத்தென்ற துணி, அடிப்பக்கம் நீர் இறங்காத மெல்லிய படலம். இரண்டு வாங்கினேன். முதல் ஷீட்டை நானே கெடுத்தேன். துணி மென்மையாகும் திரவம் ஊற்றி அலசி, மொட்டைமாடிச் சித்திரை வெயிலில் நாள் முழுக்கப் போட்டேன். இரண்டு மாதத்தில் அடிப்படலம் அப்பளம் போல் கொப்பளித்து உரிந்தது. இரண்டாவதைப் பச்சைத் தண்ணீரில் அலசி, முறுக்காமல், தாழ்வாரக் கொடியில் நிழலில் உலர்த்துகிறேன். இன்றுவரை உழைக்கிறது. ஐப்பசி மழையில் காய ஒன்றரை நாள் ஆகும் என்பதால் இன்னும் இரண்டு வாங்க வேண்டியதாயிற்று.

எனக்கு உண்மையில் கைகொடுத்தது விரிக்கும் முறைதான். கீழே ஒரு ஷீட், அதன்மேல் துணி, மறுபடி ஷீட், மறுபடி துணி. இரவு இரண்டு மணிக்கு நனைத்தால் மேல் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு, உடுப்பை மாற்றிப் படுக்க வைத்துவிடலாம். விளக்கே போட வேண்டாம். துணிக்கு அப்பத்தாவின் பழைய கண்டாங்கிச் சேலைகளை நான்காக மடித்துக்கொண்டேன். துவைத்துத் துவைத்து இளகிய அந்தப் பருத்தி குடிக்கிற அளவுக்கு, கடையில் வாங்கிய எந்த விரிப்பும் குடிக்கவில்லை.

அறைக்குள் ஒரு 'பாட்டி'யும் (potty, குழந்தைகள் உட்காரும் சிறு கழிப்பிருக்கை) வைத்தோம். (எங்கள் பக்கம் அப்பாவின் அம்மாவை அப்பத்தா, அம்மாவின் அம்மாவை ஆயா என்றே அழைப்பதால் வீட்டில் குழப்பம் வரவில்லை.) தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாத சிமென்ட் கல். சிந்தியதை உடனே துடைக்காவிட்டால் கறை பிடிக்கும். அடியில் ஒரு தாம்பாளத்தை வைத்து அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது பிளாஸ்டிக் தட்டு.

பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைப்பதை மூன்று வாரம் செய்து பார்த்தேன். தோளில் தூங்கியபடியே இருந்தாள், தூக்கம் கெட்டது எனக்குத்தான். குழந்தை மருத்துவர் சொன்ன பிறகு விட்டுவிட்டேன். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் போதிய அளவு சுரப்பதும், நிறைந்த சிறுநீர்ப்பை தூக்கத்தைக் கலைப்பதும் உடல் முதிர்ந்தால்தான் வருமாம். பகல் பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம், இரவைச் சொல்லிக் கொடுக்க முடியாது. ஐந்து வயதுக்கு முன் இதை நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை என்றார். பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல் வராமல் பாருங்கள், அது பையை அழுத்தும் என்றும் சொன்னார். படுக்கும் நேரத்துப் பாலை ஏழு மணிக்கு மாற்றினோம். அப்பத்தா மட்டும் தன் வைத்தியத்தை விடவில்லை. "எள்ளுருண்டை கொடு ஆத்தா, தானே நிற்கும்" என்றார். நிற்கவில்லை, டப்பா காலியானது.

பகலில் ஆடிக்குள் பழகிவிட்டாள். இரவில் முதல் முறை நனையாமல் எழுந்தது மார்கழியில், பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்த மறுநாள் காலை. வீடே கொண்டாடியது, அன்றிரவே நனைத்தாள். தை முழுவதும் வாரத்துக்கு மூன்று நாள் காய்ந்த படுக்கை. தேவகோட்டையில் ஆயா வீட்டுக்குப் போனால் எல்லாம் தலைகீழ். சென்னை செல்லும் இரவு பஸ்ஸுக்கு மட்டும் டயப்பர் போட்டேன், அதில் எனக்குக் குற்றவுணர்ச்சி எதுவும் இல்லை.

இந்த ஷீட் குழந்தையைப் பழக்கும் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். அது காப்பாற்றியது மெத்தையை, அதோடு நள்ளிரவில் என் வாயை. விளக்கைப் போட்டு, மெத்தையைப் புரட்டி, குழந்தையைத் திட்டிய அந்த முதல் நான்கு இரவுகள் திரும்ப வரவே இல்லை.

இப்போது நாலு வயது நெருங்குகிறது. மாதத்தில் ஓரிரு முறைதான். ஷீட்டை எடுத்துவிடலாமா என்று சென்ற வியாழக்கிழமை கணவர் கேட்டார். வெள்ளிக்கிழமை காலை அது கொடியில் தொங்கியது.