கராஜ் வச்சிருக்கிறாக்கள் கவனம்! கழிவு ஒயில் ஏத்த வந்தவனுக்கு 65,000 குடுத்து ஏமாந்திட்டன்

திருகோணமலையில கராஜ், சேர்விஸ் ஸ்டேஷன் வச்சிருக்கிற எல்லாரும் வாசிங்க. கை நடுங்க நடுங்கத்தான் டைப் பண்றன். 65,000 ரூபா போச்சு, அதவிட மோசம் என்ட கராஜ் ஒயில் ஊர் மண்ணுக்குள்ள போச்சு.

சுற்றாடல் லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம், பின்பக்கம் நாலு பரல் கழிவு ஒயிலும் பதினொரு செத்த பற்றறியும் கிடந்தது. விளம்பரம் போடுற சைட் ஒண்டில 'அரச அனுமதியோட அபாயக் கழிவு ஏத்துறம்' எண்டு போட்டிருந்தாங்கள். எடுத்தன், அடுத்த நாளே லொறி வந்திட்டு. வந்த பொடியன் கையுறை போட்டிருந்தான், பரல் உருட்டேக்க சிந்தின ஒயிலுக்கு மரத்தூள் போட்டு, அதக் கூட்டி அள்ளி தனிப் பையில கட்டினான். இருவது வருசத்தில ஒருத்தரும் அப்பிடிச் செய்து நான் பாக்கேல்ல. அந்த மரத்தூளப் பாத்துத்தான் நம்பினன். 'புத்தளம் சீமெந்துச் சூளைக்குத்தான் அண்ணை போகுது, 1,400 பாகைக்கு மேல எரியிற இடம், ஒரு சொட்டும் மிஞ்சாது' எண்டான். அப்பிடி எரிக்கிறது உண்மைதான், அதால இன்னும் நம்பிட்டன். லைசன்ஸ் எண்டு போன்ல ஒரு படம் காட்டினான், வாங்கி வாசிக்கேல்ல. 65,000ம் எண்ணிக் குடுத்தன். ஈயத்துக்காக ஆக்கள் காசு தந்து வாங்கிற பற்றறியையும் சும்மா குடுத்தன்.

ஆறாம் நாள் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து படம் காட்டுறார். கன்னியா ரோட்டுப் பக்கம் வாய்க்கால் கரையில என்ட நீலப் பரல், மஞ்சள் பெயின்ற்றால நான் எழுதின 3 அப்பிடியே தெரியுது. ஒயில ஊத்திப்போட்டு, பற்றறிய உடைச்சு ஈயத் தட்ட உருவிக்கொண்டு அசிட்ட மண்ணில விட்டிருக்கிறாங்கள். பக்கத்து வளவில கிணறு இருக்கு, அந்தத் தண்ணியத்தான் பிள்ளைகள் குடிக்குதுகள்!

போன் எடுத்தா 'லொறி மாறிப்போச்சு அண்ணை', பிறகு 'மனேஜர் கொழும்பில', பிறகு புளொக். சைட்காரரக் கேட்டா 'நாங்க விளம்பரம் மட்டும்தான் சேர் போடுறம்'. பீஎச்ஐ சொல்றார் பரல் உங்கட, அப்ப பதிலும் நீங்கதான் சொல்லோணும் எண்டு. 65,000 குடுத்தும் குற்றவாளி நான்.

என்ன செய்யோணும் எண்டு விளக்கமா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது. 2008 கெசட்டின்ர படி இந்தக் கழிவ ஏத்திறதுக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை லைசன்ஸ் வேணும், கொப்பிய கையில வாங்கி, நம்பர அங்கயே கேட்டுப் பாருங்க. போன் படத்த நம்பாதீங்க. இறக்கின இடத்துப் பேப்பர் வரும் வரைக்கும் முழுக் காசு குடுக்காதீங்க. லொறி நம்பரப் படம் எடுங்க, நான் எடுக்கேல்ல. பொலிசுக்கு வெளிக்கிடுறன்.