ஹேண்ட்பேனில் துரு எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுப்பதற்கு முன்

சென்னையில் ஹேண்ட்பேன் என்ற வாத்தியத்தை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. அந்தப் பற்றாக்குறையை ஒருவர் காசாக்கிக்கொண்டிருக்கிறார். 6,500 ரூபாய் கொடுத்து, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வாத்தியத்தை ஊமையாக்கி வாங்கி வந்திருக்கிறேன். ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், இதே மாதிரி யாராவது உங்களிடம் பேசினால் உங்களுக்கே பொறி தட்டும்.

பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு பறக்கும் தட்டு. மடியில் வைத்து விரலால் தட்ட வேண்டும். நடுவில் டிங் என்று ஒரு மேடு, சுற்றிலும் எட்டுச் சுரங்கள், அடியில் ஓர் ஓட்டை. இதற்கெல்லாம் மூத்ததான ஹாங் என்கிற வாத்தியத்தை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் 2000-இல் உருவாக்கினார்கள். அந்த ஊர்ப் பேச்சில் ஹாங் என்றால் கை. அதற்கு முந்தைய வருஷம் ரெட்டோ வெபர் என்ற தாளக் கலைஞர், கடம் வாசிப்பவர், அவர்களிடம் போய் ‘கடம் மாதிரிக் கையால் வாசிக்க வேண்டும், ஆனால் சில சுரங்களும் வர வேண்டும்’ என்று கேட்டதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆக, ஒரு வகையில் நம் வீட்டுப் பெண் வயிற்றுப் பேரன்.

என்னுடையது டி கூர்ட் என்ற சுர வரிசை, ஒன்பது சுரம். டி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் நடபைரவி ராகம். நாலு வருஷத்துக்கு முன்னால், லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கியது.

துரு வந்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்து வாசித்தேன். தூறல் போட்டது. சட்டையாலேயே ஒரு துடை துடைத்து, பஞ்சு வைத்த பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, மறுநாள் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டேன். உப்புக் காற்று, கை வியர்வை, ஈரப் பை. பத்து நாள் கழித்துத் திறந்தால், டிங்கைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினது போல ஆரஞ்சுப் புள்ளிகள். அடிக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு திட்டு.

இப்போது தெரியும், அது ஒன்றுமே இல்லை. மேலோட்டமான துரு சத்தத்தைத் தொடுவது கிடையாது. அன்றைக்குத் தெரியாது. பதறிப்போய் போனில் தேடினேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வந்து நின்றது: ‘ஹேண்ட்பேன் துரு நீக்கம், பாலிஷ், டியூனிங், புதுசு போல ஆக்கித் தரப்படும்’. வேலைக்கு முன்னால், பின்னால் என்று படங்கள். பின்னால் எடுத்த படங்களில் ஒவ்வொன்றும் புது எவர்சில்வர் குடம் மாதிரி மின்னியது. வாசித்துக் காட்டும் வீடியோ ஒன்றுகூட இல்லை என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

பட்டறை ஒரு வீட்டின் மாடியில், தகரக் கொட்டகை. ஆள் நல்ல மரியாதை. டீ வாங்கிக் கொடுத்தார். வாத்தியத்தை வாங்கி, வாசித்துப் பார்க்காமல், விரலால் துருவைச் சுரண்டிப் பார்த்தார். “சார், இது உள்ளே இறங்கிடுச்சு. இப்படியே விட்டா ஓட்டை விழுந்துடும். நாலே நாள், புதுசா கொடுத்துடறேன்” என்றார். எதை வைத்துத் தேய்ப்பீர்கள் என்று கேட்டேன். “அது நம்ம கம்பெனி மெத்தட் சார்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். 3,000 முன்பணம், கூகுள் பேயில். ரசீது கேட்கவில்லை. சுவரோரம் ஒரு ஆங்கிள் கிரைண்டர் சாய்த்து வைத்திருந்தது. பார்த்தேன். வேறு எதற்காவது இருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலு நாள் மூன்று வாரமானது. போன் செய்தால் மழை, கரண்ட் கட், மச்சினன் கல்யாணம். கடைசியில் போய் வாங்கினபோது பையைத் திறந்ததும் வந்தது வார்னிஷ் வாடை. வாத்தியம் பளபளவென்று இருந்தது. நிறம் மட்டும் போயிருந்தது. என்னுடையது நீலமும் கருஞ்சாம்பலும் கலந்த நிறம், சாயங்கால மேகம் மாதிரி. திரும்பி வந்தது வெள்ளை வெளேரென்று, கிட்டப் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல், அதன் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு.

டிங்கைத் தட்டினேன். முன்பெல்லாம் தட்டிவிட்டு ஒரு மூச்சு இழுத்து விடும்வரை கார்வை நிற்கும். இது ஈரத் துணி போர்த்திய அண்டாவைத் தட்டினது போல ‘தொம்’ என்று முடிந்துவிட்டது. “புதுப் பூச்சு சார், காய்ஞ்சா சரியாகிடும். வெயில்ல வெச்சு எடுங்க” என்றார். மீதி 3,500-ஐயும் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து டியூனர் ஆப்பில் வைத்துப் பார்த்தேன். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்தோமா இல்லையா என்பதற்கு இதுதான் சாட்சி. ஹேண்ட்பேனில் ஒரு சுரத்தைத் தட்டினால் வருவது ஒரு சத்தம் இல்லை, மூன்று. அடிச் சுரம், அதன் மேல் ஸ்தாயி, அதற்கும் மேலே பஞ்சமம். அதிர்வுக் கணக்கில் 1, 2, 3. என் வாத்தியத்தில் கீழ் ஏ சுரம் 220 ஹெர்ட்ஸ் என்றால், அதே இடத்தில் 440-ம் 660-ம் கூடவே ஒலிக்க வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்து வைப்பதற்குத்தான் செய்பவர் நாள் கணக்கில் சுத்தியலோடு உட்காருகிறார். இப்போது என்னுடையது 217-இல் நின்றது. அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் 24 பங்கு இறக்கம். அதன் மேல் ஸ்தாயியோ 441-க்கு ஏறியிருந்தது. 217-இன் இரட்டிப்பு 434. 434-க்கும் 441-க்கும் இடையில் சத்தம் நொடிக்கு ஏழு முறை ஏறி இறங்கும். தட்டினால் அந்தச் சுரம் குளிரில் பல் அடிப்பது போல நடுங்குகிறது. ஒன்பதில் நாலு சுரம் இந்தக் கதி.

காரணம் சொன்னது வெளியூரில் இருக்கும் ஒரு டியூனர், ஹேண்ட்பேனுக்குச் சுரம் சேர்த்துத் தருபவர். வீடியோ காலில் பார்த்ததுமே, “யார் இதை கிரைண்டரில் பிடித்தது?” என்றார். இந்த வகை ஹேண்ட்பேன் தகடு ஏறக்குறைய 1 மி.மீ. கனம்தான். சாதாரண மென் இரும்பு. அதை அமோனியா வாயு ஓடும் சூளையில் 500 டிகிரிக்கு மேல் சுட்டு நைட்ரஜனை உள்ளே ஏற்றுகிறார்கள். நைட்ரைடிங் என்று பெயர். மேல் தோலில் இரும்பு நைட்ரைடு என்ற கெட்டியான படலம் உண்டாகிறது. இரும்பை விறைப்பாக வைத்துக்கொள்வதும், துருவை ஓரளவு தள்ளி நிறுத்துவதும் அந்தப் படலம்தான். நீலச் சாம்பல் நிறம்கூட அந்தச் சூட்டில் வந்தது. நம்மாள் அழுக்கு என்று நினைத்து உரித்தது அதைத்தான். போதாததற்கு, கிரைண்டரின் சூடும் அழுத்தமும் சுத்தியலால் ஏற்றி வைத்த இழுவிசையைக் கலைத்துவிட்டன. அதன் மேல் வார்னிஷ், அதிர்வுக்குப் போட்ட பிரேக்.

அம்மாவுக்கு நைட்ரைடிங் எல்லாம் தெரியாது. நான் சொல்லி முடித்ததும், “நம்ம இரும்புத் தோசைக்கல்லை அந்தப் பொண்ணு கம்பி நார் போட்டுத் தேய்ச்ச மாதிரியா?” என்று கேட்டாள். அதே, அச்சு அசல் அதே. அந்தக் கல்லாவது எண்ணெய் தடவித் தடவி இரண்டு மாதத்தில் பழகிக்கொண்டது. இதற்கு அந்த வழி இல்லை. வார்னிஷை எடுத்துவிட்டு டியூன் செய்து பார்க்கலாம், ஆனால் படலம் போன இடத்தில் சுரம் நிற்கும் என்று உறுதி தர முடியாது என்றுவிட்டார் டியூனர். செலவு 18,000, கூரியர் தனி. இதற்கிடையில் ஒரே மாதத்தில் வார்னிஷுக்கு அடியிலேயே புதுத் துரு, புழு ஊர்ந்தது போல கோடு கோடாக. பூச்சு இருப்பதால் இப்போது அதைத் துடைக்கவும் முடியாது.

ஆளுக்கு போன் செய்தேன். முதலில் காய வேண்டும் என்றார். அப்புறம் நான் வாத்தியத்தை வைத்திருக்கும் அறை சரியில்லை என்றார். அப்புறம் “துரு எடுக்கத்தானே சார் கொடுத்தீங்க, துரு போச்சா இல்லையா?” என்றார். அதற்கப்புறம் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

சரி, புள்ளி புள்ளியாகத் துரு கண்டால் என்ன செய்திருக்க வேண்டும்? தையல் மெஷின் எண்ணெய் போன்ற லேசான எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் மெல்லிய பருத்தித் துணியால் வட்டமாகத் தேய்த்தாலே பாதி போய்விடும். மீதி பழுப்புத் தடம் நின்றால் நிற்கட்டும். அடம்பிடித்து உப்புத்தாளை எடுக்காதீர்கள். கம்பி நாரும் வேண்டாம், அதன் இழைகள் உள்ளே தங்கி அதுவே துருப்பிடிக்கும். கழிப்பறை ஆசிட்டைச் சிபாரிசு செய்யும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். துடைக்கும்போது சுரக் குழியின் நடுவில் கட்டை விரலை ஊன்றி அழுத்தவே கூடாது.

வராமல் பார்த்துக்கொள்வது இன்னும் சுலபம், நான்தான் செய்யவில்லை. வாசிக்கும் முன்னால் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வாசித்து முடித்ததும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் வியர்வையைத் துடைத்து, காற்றாட அரைமணி நேரம் வெளியில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விரலில் ஒட்டாத அளவுக்கு எண்ணெய். தேங்காயெண்ணெய் பலர் தடவுகிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை, நாளாக ஆகப் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கிறது. பையில் நாலைந்து சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கடலோரத்தில் வாசித்துவிட்டு வந்தால் அன்றைக்கே துடையுங்கள். பை என்பது எடுத்துப் போக மட்டும்தான், குடியிருக்க இல்லை.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் உங்கள் எதிரில் ஒவ்வொரு சுரத்தையும் டியூனர் ஆப்பில் வைத்து வீடியோ எடுங்கள். நான் எடுக்கவில்லை. பழைய பதிவு ஒன்று போனில் தற்செயலாகக் கிடைத்ததால்தான் முந்தைய அளவு என்னிடம் இருக்கிறது. அப்புறம், இது நைட்ரைடு செய்ததா, எவர்சில்வரா என்று அவரிடமே கேளுங்கள். முழித்தால் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். ரசீது எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸப் உரையாடலும் மட்டும் கொடுத்தேன், பார்க்கலாம். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

நேற்று தோழி ஒருத்தி அந்தப் பக்கத்தின் புதுப் பதிவை அனுப்பினாள். முன்னால், பின்னால் படம். முன்னால் படத்தில் டிங்குக்கு இடது பக்கம், விளிம்பை ஒட்டி, பிறை மாதிரி ஒரு சின்னக் கீறல் தெரியும். என் மோதிரம் பட்டது. பின்னால் படத்தில் அந்தக் கீறல் இருக்காது. அது என் வாத்தியம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது முன்பணம் அனுப்பப் போனால், முதலில் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். இப்போது அது எப்படி ஒலிக்கிறது என்று பதிவு செய்து அனுப்புகிறேன்.