வெள்ளி மைப் பேனா: தராசுக்கு ஆகும், மடிப்புக்கு ஆகாது

அறுந்த மின் கோடுகளை மையால் கீறி இணைக்க ஒன்லைனில் எடுப்பித்த இந்த வெள்ளி மைப் பேனாவை வாங்கலாமா என்று கேட்டால், தராசும் ரிமோற்றும் திருத்துகிறவர்கள் வாங்கலாம். ஃபோன் திருத்துகிறவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள்.

எங்கட கடை கிளிநொச்சியில், கரடிப்போக்குப் பக்கம். காலபோக அறுவடை தொடங்கினால் நெல் வாங்குகிறவர்களின் டிஜிற்றல் தராசுகள் மேசைக்கு ஏறும். புழுதியும் நெற்சுணையும் உள்ளே போய், ஈரக்கையால் அமத்தி அமத்தி, ஏதாவதொரு பொத்தான் வேலை செய்யாது. அனேகமாக 'ரெயர்' பொத்தான்தான். சாக்கின் நிறையைக் கழிக்க நாள் முழுக்க அதைத்தானே அமத்துகிறார்கள்.

கழற்றிப் பார்த்தால் கீபாட், அதாவது பொத்தான்களுக்குக் கீழே இருக்கும் பகுதி, ஒரு பொலியெஸ்டர் தாள். அதில் வெள்ளித் துகள் மையால் அச்சடித்த கோடுகள். கோடு எங்கேயோ அறுந்திருக்கும். சோல்டர் பிடிக்க வழியில்லை: ஈயம் கலந்த சாதாரண சோல்டர் உருகவே 183 பாகை வேண்டும், அயன் நுனி 300க்கு மேலே. தாள் அதற்கு முன்னமே சுருண்டுவிடும். அங்கேதான் இந்தப் பேனா உதவுகிறது. ஸ்பிரிற்றால் துடைத்து, அறுந்த இடத்தின் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறுமாதிரிக் கீற வேண்டும். ஈரமாக இருக்கும்போது மீற்றர் கண்டபடி ஓடும். தலைமயிர் காயவைக்கும் டிரையரைத் தூரத்தில் பிடித்தால், கரைப்பான் பறக்கப் பறக்க வெள்ளித் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, மின்தடையைக் காட்டும் ஓம் கணக்கு இறங்கிக்கொண்டு வரும். கீபாட்டில் ஓடுவது துளி மின்சாரம். பத்து இருபது ஓம் கூடினாலும் தராசுக்குத் தெரியாது.

"தங்கச்சி, லொறி வரமுதல் தருவியளோ?" என்று கேட்ட அண்ணைக்கு அன்று பின்னேரமே கொடுத்தனுப்பினேன்.

சிக்கல் கீபாட் தாளின் வால் பகுதியில். தாள் மடிந்து கனெக்ரருக்குள் போகும் இடத்தில் கீறினால், திரும்பப் பூட்டும்போதே வெடிக்கிறது. துகள்கள் உருகி ஒட்டவில்லை, பசை காய்ந்து பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வளைத்தால் விலகும். ஃபோனுக்குள் மடிந்து போகும் நாடா மாதிரியான ஃபிளெக்ஸ் கேபிளுக்கு இது சரிவராததும் அதனால்தான். அங்கே கோடுகளும் மயிரிழை, பேனா நுனியோ தடிப்பு.

மற்றக் குறை வெயில். தகரக் கூரைக்குக் கீழே வைத்த பேனாவில் நுனி காய்ந்து அடைத்துவிட்டது. தின்னர் மணம் வேறு தலையிடி. செம்பு மலிவுதானே, ஏன் வெள்ளி என்று கேட்பவர்களுக்கு: செம்புத் தூளின் மேல் காற்றுப் பட்டு ஒட்சைட் படியும், அது மின்னைச் சரியாகக் கடத்தாது. அந்த விலையைத்தான் நாம் கொடுக்கிறோம்.

மடிப்புக்கு நான் இப்போது செப்பு டேப்பைத்தான் மெல்லிதாக வெட்டி ஒட்டுகிறேன். பசையும் மின் கடத்துகிற வகையாகப் பார்த்து எடுங்கள். இரண்டு துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி மீற்றர் வைத்தால் தெரிந்துவிடும்.

இந்தக் கரைப்பான் தொல்லையே இல்லாமல் அச்சடிக்கும் முறை ஒன்று அமெரிக்காவின் ஓபர்ன் பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறார்கள். மை கிடையாது. ஒரு உலோகக் கட்டியை லேசர் துடிப்பால் அடிக்க, அதிலிருந்து கண்ணுக்கே தெரியாத சின்ன நனோ துகள்கள் பறக்கும். ஆர்கன் வாயு அவற்றை ஒரு குழல் வழியாகத் தாளுக்குக் கொண்டுபோகும். விழுந்த இடத்திலேயே லேசர் சூட்டில் அவை ஒன்றோடொன்று ஒட்டும். வெள்ளிக் கட்டி உருக 961 பாகை வேண்டும், ஆனால் துகள் அவ்வளவு சின்னதானால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் தாள் தப்புகிறது. கட்டியை மாற்றினால் செம்பும் அச்சடிக்கலாம். காயவைக்கும் வேலை இல்லை, நுனியில் மை காய்ந்து அடைக்கும் கதையும் இல்லை. என் பேனாவின் வருத்தம் முழுவதற்கும் அது மருந்துதான், ஆனால் லேசரும் ஆர்கன் சிலிண்டரும் வைக்க எங்கட கடையில் இடமில்லை.

வாங்குவதென்றால் சின்ன அளவை எடுங்கள், பெரியது முடியமுதல் காய்ந்துவிடும். நன்றாகக் குலுக்கி, கடதாசியில் ஒரு கோடு கீறி, காய்ந்தபின் மீற்றர் வையுங்கள். ஓம் இறங்காவிட்டால் வந்த பெட்டியோடே திருப்பி அனுப்புங்கள்.