கச்சேரி, வங்கி, என்.ஜி.ஓ: எந்த வேலைக்கு எதை ஆயத்தப்படுத்த வேண்டும்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அலுவலக வேலை தேடுகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகம் போன்ற அரச திணைக்களம், வங்கி அல்லது லீசிங் கொம்பனி, அரச சார்பற்ற நிறுவனம் (என்.ஜி.ஓ.). மூன்றுக்கும் ஒரே சுயவிபரக்கோவையைப் போட்டோகொப்பி எடுத்து அனுப்பும் பழக்கம் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை இருக்கிறது. அது வீண் உழைப்பு. ஆளை எடுப்பதா விடுவதா என்பது ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு கட்டத்தில் முடிவாகிறது. அரச வேலையென்றால் கடதாசியிலும் பரீட்சையிலும் முடிந்துவிடும். வங்கியில் நேர்முக மேசையில் முடியும். என்.ஜி.ஓ.வில் பாதி மின்னஞ்சலைத் திறந்து பார்க்கும்போதே முடியும், மீதி எழுத்துச் சோதனையில் முடியும். எங்கே முடிவாகிறதோ அங்கேதான் நேரத்தைப் போட வேண்டும்.

அரச வேலை: கடதாசிதான் முதல் பரீட்சை

அரசின் அறிவித்தல் இதழான வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். தமிழிலும் இணையத்தில் கிடைக்கும். வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சைகளும் அதில் தனித் தொகுதியாக வரும். மாகாணப் பதவிகளுக்குக் கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மத்திய அரசின் முகாமைத்துவ சேவையும் (அலுவலக எழுதுவினைப் பதவிகள்) மாகாணத்தின் முகாமைத்துவ சேவையும் வேறு வேறு. ஒன்றுக்குப் போட்ட விண்ணப்பம் மற்றதற்குச் செல்லாது.

அறிவித்தலில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்தை அல்ல, முடிவுத் திகதியை. வயது, கல்வித் தகைமை, அனுபவம் எல்லாம் அந்தத் திகதியில் பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதற்கு அடுத்த வாரம் கிடைக்கும் டிப்ளோமாவுக்குப் பெறுமதி இல்லை. தபாலில் அனுப்புவதானால் முடிவுத் திகதி என்பது விண்ணப்பம் அங்கே போய்ச் சேர வேண்டிய நாள். இங்கே தபால் முத்திரை குத்தப்பட்ட நாளை யாரும் பார்ப்பதில்லை. அக்கரைப்பற்றிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ அனுப்புகிறவர் ஒரு கிழமைக்கு முன்னரே பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். உறையின் இடது பக்க மேல் மூலையில் பதவியின் அல்லது பரீட்சையின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் எழுதியே ஆக வேண்டும்.

விண்ணப்பங்கள் கழிக்கப்படும் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. மாதிரிப் படிவத்தைத் தட்டச்சுச் செய்யும்போது, முதற் பக்கத்தில் வர வேண்டிய இலக்கமிட்ட பகுதிகள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் கேட்ட பெயரைத் தமிழில் எழுதிவிடுவார்கள். கட்டணப் பற்றுச்சீட்டை ஒட்டியிருக்க மாட்டார்கள். கையொப்பத்தை உறுதிப்படுத்தியவரின் முத்திரையில் பெயர் இருக்கும், பதவியும் முகவரியும் இருக்காது. அதிபர், சமாதான நீதவான், சட்டத்தரணி என்று யார் யார் உறுதிப்படுத்தலாம் என்பது அறிவித்தலிலேயே இருக்கும். அவர் முன்னிலையில்தான் கையொப்பமிட வேண்டும். வீட்டிலேயே ஒப்பம் வைத்துக் கொண்டுபோனால் நேர்மையானவர் மறுத்துவிடுவார், கடைசி நாளில் அலைய வேண்டி வரும். பரீட்சை மொழிமூலத்தையும் யோசித்து எழுதுங்கள். பிறகு மாற்ற விடமாட்டார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை பெயர் வித்தியாசம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், சாதாரண தரப் பெறுபேற்றில் முதலெழுத்து மாறி வேறொரு விதம். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் ஆவணங்களை இழந்து பிறகு எடுத்த குடும்பங்களில் இது இன்னும் கூடுதல். நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்த பிறகு இதைச் சரிசெய்ய நேரம் போதாது. இப்போதே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசமென்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசி பெரும்பாலும் போதும். பிறந்த திகதியோ தகப்பனின் பெயரோ பிழையென்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தம் செய்ய வேண்டும், அதற்கு மாதங்கள் எடுக்கும்.

இனி நேர்முகம். இதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. பொது நேர்முகப் பரீட்சைக்குப் புள்ளி இல்லை. பரீட்சையில் எடுத்த புள்ளிதான் வரிசையைத் தீர்மானிக்கும், அங்கே தகைமைகளை மட்டும் சரிபார்ப்பார்கள். கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சைக்குப் புள்ளி உண்டு. மேலதிகக் கல்வித் தகைமைக்கு எவ்வளவு, அனுபவத்துக்கு எவ்வளவு, கணினிக்கும் மொழிக்கும் எவ்வளவு என்று திட்டம் வைத்திருப்பார்கள். அந்தத் திட்டம் அறிவித்தலில் இருந்தால் உங்கள் புள்ளியை நீங்களே கூட்டிப் பார்க்கலாம். பேச்சுக்கு ஒதுக்கிய புள்ளி சொற்பமென்றால், பேச்சுப் பயிற்சியை விட்டுவிட்டு அனுபவக் கடிதத்தைச் சரியாக எடுப்பது மேல். அந்தக் கடிதத்தில் பதவி, தொடங்கிய திகதி, முடிந்த திகதி, முழுநேரமா பகுதிநேரமா என்ற நான்கும் வேண்டும். “எமது நிறுவனத்தில் சிறப்பாகக் கடமையாற்றினார்” என்று மட்டும் எழுதிய கடிதத்துக்குப் புள்ளி போட வழியில்லை.

மூலப்பிரதிகளையும் உறுதிப்படுத்திய பிரதிகளையும் அழைப்புக் கடிதத்தில் உள்ள ஒழுங்கிலேயே அடுக்குங்கள். மாகாணப் பதவிக்கான நேர்முகம் திருகோணமலையில் காலையில் என்றால், பொத்துவில், திருக்கோவில் பக்கமிருந்து போகிறவர் முதல் நாளே போய்த் தங்குவதுதான் புத்தி.

வங்கி: மேசையில்தான் எல்லாம்

அரச வங்கிகள் பயிலுனர்களை எழுத்துப் பரீட்சை வைத்து வடிகட்டும். தனியார் வங்கிகளிலும் லீசிங் கொம்பனிகளிலும் விண்ணப்பம் ஒரு நுழைவுச் சீட்டு மாதிரித்தான். ஒரு பக்கத்தில், ஆங்கிலத்தில், பெறுபேறுகளோடு இருந்தால் போதும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் எடுத்த சித்தியை மேலே போடுங்கள், அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

நேர்முகத்தில் கேட்பது மூன்று வகை. முதலாவது, தொழிலின் அடிப்படை. நடைமுறைக் கணக்குக்கும் சேமிப்புக் கணக்குக்கும் வித்தியாசம் என்ன? காசோலை எவ்வளவு காலம் செல்லும்? (6 மாதம்.) வைப்புக் காப்புறுதி எவ்வளவு வரை? (ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய்.) ஒரு இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 வீதத்தில் மூன்று மாதம் வைத்தால் வட்டி எவ்வளவு? 3,000 ரூபாய் என்று வாயால் வர வேண்டும், போனைத் தேடக்கூடாது.

இரண்டாவது, ஊரைப் பற்றிய அறிவு. படிக்கிறவர்கள் அதிகம் கவனிக்காத பகுதி இது, அழகாகப் புள்ளி எடுக்கக்கூடிய பகுதியும் இதுதான். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்துக் கிளையில் காசோட்டம் பெரும்போக, சிறுபோக அறுவடையோடு ஏறி இறங்கும். விதைப்புக்கு முன் நகை அடகுக்கு வரும், அறுவடைக்குப் பின் மீளும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் வியாபாரிகளின் நடைமுறைக் கணக்குகள் முக்கியம். விண்ணப்பிக்கும் கிளையைச் சுற்றி யார் வாடிக்கையாளர், அவர்களுக்கு எந்தச் சேவை தேவை என்று இரண்டு நிமிடம் பேசக்கூடியவரை மேலாளர் மறக்கமாட்டார்.

மூன்றாவது, குணம். கத்துகிற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள், மாத இலக்கு எட்டாவிட்டால் என்ன செய்வீர்கள், வேறு மாவட்டத்துக்கு மாற்றினால் போவீர்களா. கடைசிக் கேள்விக்கு வீட்டில் கேட்காமல் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது இரண்டு தரப்புக்கும் கஷ்டம். முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

ஆங்கிலத்தில் தொடங்கி இடையில் தமிழுக்கோ சிங்களத்துக்கோ மாறுவார்கள். எந்த மொழியில் கேட்டார்களோ அதிலேயே பதில் சொல்லுங்கள், வசனம் சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை. அம்பாறை நகரக் கிளையென்றால் சிங்களம் பேச வராமல் கவுண்டரில் நிற்பது சிரமம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு ஒன்றரை நிமிடப் பதிலை எழுதி, வாய்விட்டுப் பத்துத் தரமாவது சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். மனப்பாடம் இடையில் அறுந்தால் தொடர முடியாது.

என்.ஜி.ஓ: முதல் பக்கமும் எக்செல் சோதனையும்

சுனாமிக்குப் பின்னர் இந்த இரு மாவட்டங்களிலும் பெருகிய இந்தத் துறை இப்போது சுருங்கியிருக்கிறது. அதனால் போட்டி கூடியிருக்கிறது. விளம்பரத்தில் கேட்ட ஒவ்வொரு தகைமைக்கும் உங்கள் கோவையில் நேர்ப் பதில் இருக்க வேண்டும். “வவுச்சர் தயாரித்த அனுபவம்” என்று கேட்டிருந்தால், எங்கே, எத்தனை மாதம், மாதத்துக்கு ஏறக்குறைய எத்தனை வவுச்சர் என்று எழுதுங்கள். “நிதி அனுபவம் உண்டு” என்பது பதிலாகாது. மின்னஞ்சலின் தலைப்பில் பதவியின் பெயரையும் இடத்தையும் போடுங்கள். கோப்பைக் கட்டாயம் பி.டி.எவ் ஆக அனுப்புங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த வேர்ட் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். நல்ல விண்ணப்பங்கள் இப்படி வாசிக்கப்படாமலே போகின்றன. இனிமேல் யுனிகோட்டில் தட்டச்சப் பழகுவது எல்லா வேலைக்கும் உதவும்.

சோதனையில் வருவது பெரும்பாலும் பயனாளிகள் பட்டியல்தான். இரட்டிப்பாக உள்ள அடையாள அட்டை இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், கிராம சேவையாளர் பிரிவு வாரியாகக் கூட்ட வேண்டும், இரண்டு தாள்களை இணைக்க வேண்டும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். ஒரே ஆள் இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம் என்பதைக் கண்டுபிடித்துக் குறிப்பெழுதுகிறவர் மற்றவர்களை முந்திவிடுவார். மூன்று விலைமனுக்களை ஒப்பிடும் தாள் ஒன்றும், ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை ஒன்றும் பழகிக்கொண்டு போங்கள்.

நேர்முகத்தில் நடந்த சம்பவம் கேட்பார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவில் என்ன ஆனது என்ற வரிசையில் சொல்லுங்கள். “நாங்கள் செய்தோம்” என்று அடக்கமாகப் பேசுவது நம் வழக்கம். இங்கே அது புள்ளியைக் குறைக்கும். உங்கள் பங்கை “நான்” என்று சொல்லுங்கள். சிறுவர் பாதுகாப்புப் பற்றிய கேள்வி வரும். யாராவது தவறு செய்வதைக் கண்டால் உரிய பொறுப்பாளருக்கு உடனே அறிவிப்பேன் என்பதே பதில், நானே விசாரிப்பேன் என்பது பிழை. எதிர்பார்க்கும் சம்பளம் கேட்டால் ஒரு தொகையைச் சொல்லி, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்) அதற்குள்ளா வெளியேயா என்று கேளுங்கள். ஊழியரின் 8 வீதம் கழிபடும், நிறுவனத்தின் 12 வீதம் மேலதிகமாக வர வேண்டும்.

எதைத் தெரிவுசெய்வது?

வயதெல்லை முடியப் போகிறவர் அரசப் போட்டிப் பரீட்சையை முதலில் வைக்க வேண்டும், அந்த வாய்ப்பு திரும்பி வராது. நியமனம் கிடைத்தாலும் மூன்று வருடத் தகுதிகாண் காலமும் இரண்டாம் மொழித் தேர்ச்சியும் காத்திருக்கும். ஆனால் வர்த்தமானியிலிருந்து நியமனம் வரை நீண்ட காலம் போவதால், அதை மட்டும் நம்பி வீட்டில் இருப்பதை எந்த நிலையிலும் பரிந்துரைக்க முடியாது. கணக்கும் ஆங்கிலமும் கைகொடுப்பவருக்கு வங்கி நல்லது, இருபதுகளின் தொடக்கத்தில் போனால்தான் வளர்ச்சி. களத்துக்குப் போகத் தயங்காத, மோட்டார் சைக்கிள் சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கிறவருக்கு என்.ஜி.ஓ. வேகமாகக் கதவைத் திறக்கும். ஒப்பந்தம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடியும் என்பதை ஏற்றுக்கொண்டு போக வேண்டும்.

தனியார் இடத்தில் வேலை செய்யும்போது அரச நியமனக் கடிதம் வந்தால், கடமையேற்கும் திகதியையும் ஒப்பந்தத்திலுள்ள அறிவித்தல் காலத்தையும் அன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாத அறிவித்தல் கொடுக்க நாள் போதாவிட்டால் நிறுவனத்தோடு எழுத்தில் பேசி முடியுங்கள். விலகும் நாளிலேயே திகதிகளுள்ள சேவைக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். திட்டம் முடிந்து அலுவலகம் மூடப்பட்டால், அந்தக் கடிதத்தில் ஒப்பமிட ஆள் இருக்கமாட்டார்.