நிதி தேடும் தொண்டு நிறுவனத்துக்கு எது உதவும்: மாவட்ட மைய நூலகமா, சி.எஸ்.ஆர் தளமா?

கன்னியாகுமரி மாவட்டத் தொண்டு நிறுவனங்களுக்கு இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் உண்டு, இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஆனால் இரண்டின் பயனும் வேறு.

பணம் தரக்கூடியவர் யார் என்று தேட, மத்திய அரசின் தேசிய சி.எஸ்.ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) இணையதளமே சரி. எந்த நிறுவனம், எந்த ஆண்டு, எந்தத் துறைக்கு எவ்வளவு செலவிட்டது என்று மாநில, மாவட்ட வாரியாகப் பார்க்கலாம். கன்னியாகுமரியை மட்டும் தேர்ந்தெடுத்தால் பலர் விடுபட்டுப்போவார்கள். மாவட்டத்தைக் குறிப்பிடாமல் கணக்குக் காட்டும் நிறுவனங்கள் உண்டு. தமிழ்நாடு முழுவதையும் எடுத்து, உங்கள் துறையில் தொடர்ந்து 3 ஆண்டு கொடுத்தவர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி ஆண்டின் தரவை நம்ப வேண்டாம், அறிக்கைகள் தாமதமாகத்தான் ஏறும்.

நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் நன்கொடையாளர் பட்டியலைத் தேடாதீர்கள். விண்ணப்பத்தில் 'தேவை' பகுதியை எழுதத்தான் நூலகம். குறிப்புதவிப் பகுதியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். "எங்கள் மாவட்டம் கல்வியில் பின்தங்கியது" என்று எழுதினால் எடுபடாது. 2011 கணக்கெடுப்பிலேயே இங்கே எழுத்தறிவு 91.75%. குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர், தோவாளை மலையடிவாரக் குடியிருப்பு என்று ஊர் அளவுக்கு இறங்கி எண் காட்டுங்கள். பழைய நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களும் இதற்குக் கைகொடுக்கும்.

நேரம் குறைவென்றால் தளத்திலிருந்து தொடங்குங்கள். ஆனால் அதற்கும் முன்னால், சி.எஸ்.ஆர் நிதி பெறும் அமைப்புகள் மத்திய அரசிடம் செய்யும் சி.எஸ்.ஆர்-1 பதிவை முடித்துவிடுங்கள். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி சான்றுகளும் ஆடிட்டரின் டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும்.