புதிய டெஸ்க்டாப்பைச் சோதிக்க மெய்நிகர் கணினியா, பென்டிரைவா?

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் சிலவற்றுக்கு ரசீதும் இருப்புக் கணக்கும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அதற்கு என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் கொண்ட ஒரே ஒரு லேப்டாப். டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பை (மெனு, விண்டோக்கள் முதலியவற்றைத் தரும் திரைச்சூழலை) பயன்படுத்தி வந்த நான், கேடிஇ பிளாஸ்மா 6 என்ற வேறொரு டெஸ்க்டாப்புக்கு மாறலாமா என்று பார்க்க விரும்பினேன். இருக்கும் சிஸ்டத்திலேயே இரண்டாவது டெஸ்க்டாப்பாக அதை நிறுவுவதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். மெனுவில் எல்லாச் செயலிகளும் இரண்டிரண்டாக நிற்கும், பிறகு நீக்கினாலும் அமைப்புகளின் எச்சம் தங்கிவிடும்.

பென்டிரைவில் லைவ் முறையில் இயக்குவது எளிது, நிறுவவே வேண்டியதில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும், தனியாக ஏற்பாடு செய்திருந்தாலொழிய, நாம் மாற்றியவை அனைத்தும் அழிந்துவிடும். லேப்டாப்புக்குள்ளேயே தனியொரு கணினிபோல இயங்கும் மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸில் 4 ஜிபி ராம் ஒதுக்கி நிறுவியதற்கு இதுவே முதற்காரணம்.

முடிவைத் தீர்மானித்தது, மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையைச் சேமித்து, வேண்டும்போது அதற்கே திரும்பவிடும் ஸ்நாப்ஷாட் வசதிதான். 2024 பிப்ரவரியில் வெளியான பிளாஸ்மா 6 திரைக்காட்சியையும் விசைப்பலகை உள்ளீட்டையும் கையாளும் வேலேண்ட் முறையில் இயல்பாகவே இயங்குவது; எனக்கோ தமிழ்99 விசைப்பலகை இல்லாமல் ஒரு ரசீதும் நகராது. தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் மென்பொருளை நிறுவிவிட்டு, பழைய பழக்கத்தில் 'கொலுசு' என்று தட்டியபோது, ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஒரு சதுர அடைப்புக்குறியும் வந்து விழுந்தன. சரிசெய்ய முயன்று அதே வேலையைச் செய்யும் எஃப்சிடிஎக்ஸையும் சேர்த்து நிறுவ, இரண்டும் ஒன்றோடொன்று மோதி, எந்த மாற்றம் எதைக் கெடுத்தது என்றே தெரியாத நிலை வந்தது. தமிழ் நிறுவுவதற்கு முன் எடுத்து வைத்திருந்த ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பி, ஐபஸை மட்டும் மறுபடி நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பகுதிக்குள் ஐபஸ் வேலேண்டைத் தேர்ந்தெடுத்ததும், லிப்ரே ஆபீஸில் 'கொலுசு' பிழையின்றி விழுந்தது. பென்டிரைவாக இருந்திருந்தால் இதே சோதனைக்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியிருப்பேன். நேரடியாக நிறுவியிருந்தால், மாதக் கடைசியில் பட்டறைக்காரர்கள் கணக்குக் கேட்டு நிற்கும்போது தட்டச்சு செய்ய முடியாமல் தவித்திருப்பேன்.

வேகத்தைப் பற்றி மட்டும் மெய்நிகர் கணினியை நம்பித் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். திரையை வரையும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் முப்பரிமாண முடுக்கம் சரியாக அமையாதபோது அந்த வேலை முழுவதும் சிபியு தலையில் விழுவதால், என் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோக்கள் இழுத்துக்கொண்டே நகர்ந்தன. அந்த மந்தம் பிளாஸ்மாவுடையதா, மெய்நிகர் கணினியுடையதா என்று அங்கிருந்தபடி பிரித்தறிய முடியாது. டச்பேட் சைகைகள், பேட்டரி, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பவற்றுக்கும் அங்கே விடை கிடைக்காது. ஆகவே தமிழும் பிரிண்டரும் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் பென்டிரைவைச் செருகி இவற்றைப் பார்த்தேன். விண்டோக்கள் தடையின்றி நகர்ந்தன; மூடித் திறந்ததும் திரை விழித்தது. அடுத்த நாளே பிளாஸ்மாவை நிறுவினேன்.